முகமும் மின்னலும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில், அக்குறணையைத் தாண்டியதும் அலவத்துகொட வரும். பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு கடைத்தெருவின் நீளந்தான். அந்தக் கடைத்தெருவை விட்டு விலகி மேட்டிலேறும் பாதையில், அயலிலுள்ள தோட்டமொன்றின் லயன் அறையில், மாணவன் ஒருவனுடைய வீட்டுச் சுவரில் நான் கண்ட படமொன்றே இக்கட்டுரைக்குக் காரணம்.

வயோதிபர் ஒருவரின் முகம். பெரிய சட்டம், கண்ணாடி, பிளாஸ்டிக் மலர்மாலை, மேலே இரவும் பகலும் எரியும் சிறு சிவப்பு விளக்கு. ஆனால் அந்த முகத்தில் நெற்றிக்கும் கன்னத்துக்கும் மேடு பள்ளம் எதுவுமில்லை. துலக்கிக் கவிழ்த்து வைத்த தட்டைப் போலிருந்தது. கண்கள் இரண்டும் திடுக்கிட்டு விரிந்திருந்தன. காதுக்குப் பின்னால், நீலப் பின்னணியின் மேல், கருநிழல் ஒன்று வெட்டி ஒட்டியதுபோல் விழுந்திருந்தது. மாணவனின் பாட்டி என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

“எல்லாரும் அவருதான்னு சொல்றாங்க மாஸ்டர். எனக்கு மட்டும் யாரோ மாதிரி இருக்கு. அம்பது வருசம் பாத்த மொகம், எனக்குத் தெரியாதா?”

அது அவருடைய கணவரின் அடையாள அட்டைப் படம். வேறு படமே அவருக்கு இருந்ததில்லை. இறந்த மறுநாள் அந்த அட்டையை எடுத்துச் சென்று, நகத்தளவான முகத்தை முழத்தளவாகப் பெருக்கி வந்திருக்கிறார்கள். மலையகத்தில் இவ்வாறு மாலையிட்டுத் தொங்கும் படங்களை நான் எத்தனையோ வீடுகளிற் பார்த்திருக்கிறேன். வாசகர்களும் பார்த்திருப்பார்கள்.

இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் ஆட்பதிவுச் சட்டம் 1968ஆம் ஆண்டில் வந்தது. அடையாள அட்டை வழங்குவது 1972இல் தொடங்கிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத்து மக்களுள் பலருக்கு அந்த அட்டை வெகுகாலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பிறகுதான் அம்முதியவர் இந்நாட்டின் பிரசையானார். அதற்காகத் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கமராவின் முன் உட்கார்ந்தார். எனவே அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது அரசாங்கம். பார்க்க விரும்பியதும் அரசாங்கமே. பாட்டி பார்ப்பதற்காக அவரை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

“எனக்காச்சும் இப்பவே ஒண்ணு நல்லதா எடுத்து வச்சிருங்க மாஸ்டர்” என்றார் பாட்டி.

எனக்குப் படம் பிடிப்பதில் விருப்பம் உண்டு. ஓரளவு நல்ல கமராவும், அதன் தலையிற் பொருத்தும் பிளாஷ் விளக்கும் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருமிதத்தோடு போனேன். பாட்டி வெள்ளைச் சேலை உடுத்து, முகம் நிறையப் பவுடர் பூசிக்கொண்டு சுவரோரமாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறை இருட்டு. பிளாஷ் ஒரு முறை மின்னியது. கமராவின் பின்புறத் திரையில் படத்தைப் பார்த்தேன். தட்டையான முகம், திடுக்கிட்ட கண்கள், காதின் பின்னே கருநிழல். பவுடர், சாம்பலைப் போல் வெளுத்திருந்தது. கணவருக்கு நேர்ந்ததையே மனைவிக்கும் செய்துவிட்டேன். பாட்டி படத்தைப் பார்த்து மரியாதைக்கு, “நல்லாருக்கு” என்றார். மரியாதைக்குச் சொன்னது என்பதை அறிய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

குற்றம் பிளாஷில் இல்லை. அது இருந்த இடத்தில் இருந்தது. முகம் என்பது மேடும் பள்ளமும் சேர்ந்தது. மூக்கு உயர்ந்திருக்கிறது, கண் ஆழ்ந்திருக்கிறது என்பதை நமக்குச் சொல்வது நிழல். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்தால் மேட்டின் மறுபக்கம் நிழல் விழும். கமராவின் தலைமேலிருந்து நேராகப் பாயும் ஒளியும் நிழலை உண்டாக்குகிறது. ஆனால் அந்த நிழல் அந்தந்த மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. கமரா அதைக் காண்பதில்லை. அது காண்கிற ஒரே நிழல் தலைக்குப் பின்னாலுள்ள சுவரில் விழுவது. பிளாஷ் விளக்கின் முகமோ மிகச் சிறியது. சிறிய ஒளி கூரிய நிழலைத் தரும். பெரிய ஒளி மெல்லிய நிழலைத் தரும். முற்றத்து வெயிலையும் மழைமேகம் மூடிய வானத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கண்கள் விரிவதற்கும் காரணம் உண்டு. இருட்டறையில் கண்மணி அகலத் திறந்திருக்கிறது. மின்னல் அதற்குள் நேராகப் புகுந்து விழித்திரையின் சிவப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது.

செயற்கை ஒளி கொண்டு முகத்தைப் படம் பிடிக்கும் ஆசை பழையது. 1864ஆம் ஆண்டிலேயே மங்கனீசியம் எரிந்த வெளிச்சத்தில் மான்செஸ்டர் நகரில் மனிதரைப் படம் பிடித்திருக்கிறார்கள். 1887இல் ஜெர்மனியைச் சேர்ந்த மீத்தே, கேடிக்கே என்ற இருவர் மங்கனீசியத் தூளுடன் வேறு இரசாயனங்களைக் கலந்து வெடித்து எரியும் பொடி ஒன்றை உண்டாக்கினர். அது அறையைப் புகையால் நிரப்பியது. பலருடைய கைகளைச் சுட்டது. 1929 அளவில் கண்ணாடிக் குமிழுக்குள் அடைபட்ட பிளாஷ் வந்தது; ஒரு குமிழ் ஒரு படத்துக்கு மட்டுமே உதவும். அதன் பின் அமெரிக்காவில் ஹரோல்ட் எட்ஜர்ட்டன் வாயுக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடியின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த நேரத்துக்கு ஒளிவிடச் செய்தார். நம் கைகளில் இன்றிருக்கும் பிளாஷ் அதன் வழிவந்ததே.

ஆயினும் முகத்தைப் பிடிப்பதற்கு மின்னலே வேண்டுமென்பதில்லை. இதை நமக்குக் கற்பித்தவர் நம் நாட்டு மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேய மாது 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைத் தொட்டவர். கமராவுக்கும் அவர் பெயருக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது! அவர் காலத்துத் தகடு ஒளியை மெல்லத்தான் வாங்கும். படத்துக்கு உட்காருகிறவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். கோழிக்கூண்டொன்றைக் கண்ணாடி வீடாக மாற்றி, திரைகளால் வெளிச்சத்தைத் தடுத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் முகத்தின்மேல் விழவிட்டார். டெனிசன், ஹெர்ஷல் முதலிய பெரியோரின் முகங்கள் இருளிலிருந்து மெல்ல எழுந்து வருவதுபோல் அவர் படங்களில் அமைந்தது இதனாலேயே. அந்தப் பெரியோரைப் போலவே வீட்டுப் பணிப்பெண்ணையும் உட்கார வைத்தார் என்பதையும் மறக்கலாகாது.

அவருடைய கணவருக்கு இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பம் இங்கு வந்தது. களுத்துறையிலிருந்த வீட்டில் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் தொழிலாளரும் கிராமத்தவருமே பெரும்பாலும் காணப்படுகின்றனர். 1877ஆம் ஆண்டளவில் மரியான் நோர்த் என்ற ஓவிய மாது அங்கு விருந்தினராகச் சென்றார். அவரைப் பிடித்து நிறுத்தி, காஷ்மீரச் சால்வை போர்த்தி, தலைக்குப் பின்னால் தென்னோலைகளைப் பரப்பி, உச்சிவெயில் ஓலைகளினூடே கண்ணில் வந்து குத்த, இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டாராம் கமரன் அம்மையார்! வெப்பம் தொண்ணூற்றாறு பாகை. பன்னிரண்டு தகடுகள் வீணாயின. தன்னிடமிருந்து சாதாரணமான ஒரு மனுஷியைத் தவிர வேறு எதுவும் அந்தக் கண்ணாடியில் விழவில்லையென்று நோர்த் தம் நினைவுநூலில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். இருட்டைக் கொண்டு எழுதிய கையே உச்சிவெயிலில் இடறியிருக்கிறது என்றால், லயன் அறையில் இடறிய எனக்கு ஏன் வெட்கம்? கமரன் அம்மையார் 1879இல் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்து மயானத்தில் அவர் உறங்குகிறார்.

அதே நினைவுநூலில் இன்னொரு செய்தி உண்டு. முதுகின் அழகுக்காகவே ஒருவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் தம் மகனை வற்புறுத்தினாராம். அங்கே தோட்டமே இல்லை. தோட்டவேலை என்றால் என்னவென்றும் அம்மனிதருக்குத் தெரியாது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடிந்ததும் ஒரு கேள்வியும் வருகிறது: அவர் பெயர் என்ன?

அந்தக் கேள்விக்குக் கண்டியிலும் விடையில்லை. 1876 அளவில் சார்ள்ஸ் ஸ்கோவன் என்பவர் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கொழும்பில் ஸ்கீன் கம்பெனியும், 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பெனியும் பெயர் பெற்றவை. இவர்களுடைய தொழில்திறமை சாமானியமானதன்று. அவர்கள் காலத்தில் எடுக்கப்பட்ட பெண்களின் படங்கள் சிலவற்றில் நகையின் ஒவ்வொரு மணியையும் எண்ணலாம். ஆனால் படத்தின் கீழே “தமிழ்ப் பெண்”, “தேயிலை கொய்பவள்” என்று மாத்திரமே அச்சிட்டிருக்கும். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை மாத்தளை வழியாக, இதே அலவத்துகொட வழியில் கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வந்த கூட்டத்தின் மக்களே அவர்களுட் பலர் என எண்ணலாம். அஞ்சலட்டையாகி உலகமெல்லாம் போனது அவர்கள் முகம். பெயர் அவர்களோடு நின்றுவிட்டது. ‘மாடல்’ என்று இன்று நாம் சொல்கிறோம். கூலிக்கு உட்காருகிற தொழில் மாடலுக்கு என்ன செய்ய வேண்டுமென்பது தெரியும். கூலியும் இன்றி, விளக்கமும் இன்றி, துரை சொன்னார் என்பதற்காக உட்கார்ந்தவர்களின் கண்ணில் தெரிவது வேறு. அந்தப் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டியின் கணவருடைய கண்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

கரிய மேனியின் அழகை ஒளியாற் பேசவைத்த ஒருவரையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944) பியானோ வித்துவான்; 1934இல் வந்த ‘சோங் ஒப் சிலோன்’ என்ற படத்துக்குக் குரல் கொடுத்தவர்; 1943இல் தோன்றிய ஓவியர் குழுவுக்கு உயிர்நாடி. அவர் இறந்தபின் 1950இல் அவருடைய படங்கள் நூலாக வெளிவந்தன. அப்படங்களில் மேனி இருண்டே இருக்கிறது. யாரும் அதை வெளுக்க முயலவில்லை. தோளின் விளிம்பிலும் கன்னத்தின் மேட்டிலும் ஒளி வழுக்கிச் செல்கிறது. வெள்ளைத் தோலின் வடிவத்தை நிழல் காட்டுகிறது. கரிய தோலின் வடிவத்தையோ மினுக்கந்தான் காட்டுகிறது. வெண்கலச் சிலையை யாரும் நேர்முன்னாக விளக்குப் பிடித்துப் பார்ப்பதில்லையே! பக்கத்திலிருந்து பெரிய வெளிச்சமொன்று அதில் பிரதிபலிக்க வேண்டும்.

இந்த எளிய உண்மையைப் படச்சுருள் செய்தவர்களே வெகுகாலம் எண்ணவில்லை. கொடக் கம்பெனி வர்ணப் படங்களைச் சரிபார்ப்பதற்காகக் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் யாவும் சரி. சொக்லேட் வியாபாரிகளும் மரத்தளபாடம் செய்வோரும் தங்கள் பொருளின் கருமை சரியாக வரவில்லையென்று முறையிட்ட பின்னரே படச்சுருள் திருந்தத் தொடங்கியதாம். கறுத்த மனிதரின் முறைப்பாடு எட்டாத காதுக்குச் சொக்லேட்டின் முறைப்பாடு எட்டியிருக்கிறது. இன்றைய கமராவிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் ஒளிமானி தன்முன் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. பாட்டியின் வெள்ளைச் சேலையைக் கண்டதும் ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று முடிவு செய்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். அப்போது முகம் கரியாகும். இருண்ட சுவரை மாத்திரம் கண்டால், எதிர்மாறாக முகத்தை வெளுத்துவிடும். ஆகையால் முகத்தை அணுகி, முகத்தில் மட்டும் ஒளியை அளந்துகொண்டு, அந்த அளவிலேயே நிற்க வேண்டும். சேலை சற்று வெளுத்தாலும் பாதகமில்லை. நம் ஸ்டூடியோக்களிற் சில, முன்னர் பென்சிலாலும் இப்போது கணினியாலும் முகத்தை வெளுத்துக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கேட்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் முறை போனபோது பிளாஷை உடனே எடுக்கவில்லை. தேநீர் வந்தது. பாட்டி ஏழு வயதில் கொழுந்துக் கூடை தூக்கிய கதையைத் தொடங்கினார். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு ஜன்னல். அதுவும் வடக்குப் பக்கம். ஆங்கில நூல்களெல்லாம் வடக்கு ஜன்னலைப் புகழும். அவர்கள் நாட்டில் அந்தப் பக்கம் நேர்வெயில் நுழையாது, ஒளி நாள் முழுதும் ஒரே சீராயிருக்கும். நாம் இருப்பதோ வடக்கே ஏழரைப் பாகைக்குள். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அது ஜூன் மாதம். நூலை நம்பி உட்கார வைத்திருந்தால் வெயில் முகத்திற் பட்டிருக்கும். தெற்கே திறந்த வாசலைத் தேர்ந்தேன். வாசற்படிக்கு ஓரடி உள்ளே, பக்கவாட்டில் ஒரு முக்காலி.

வாசலின் ஒளி போதவில்லை. பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றினேன். சுவரில் மோதவிட்டால் ஒளி பரந்து வரும் என்பதை அறிவேன். ஆனால் லயன் சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தது. அதில் மோதிய ஒளி முகத்தை நீலமாக்கிவிடும். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியொன்றைப் பேரன் கொண்டுவந்தான். வாசலின் பக்கமாகவே, பாட்டியின் முகத்துக்குச் சற்று உயரத்தில், வேட்டியை விரித்துக் கட்டி, பிளாஷை அதை நோக்கித் திருப்பினேன். உள்ளங்கையளவு விளக்கு ஒரு வேட்டியளவு ஜன்னலாயிற்று. கணக்கு விரும்புவோருக்காகச் சொல்கிறேன்: என்னுடைய பிளாஷின் எண் 28. கமராவின் உணர்திறன் 100 எனில், மூன்றரை மீற்றர் தொலைவுக்கு 28ஐ 3.5ஆல் வகுத்து 8ஆம் எண் துளை வைக்க வேண்டும். விளக்கிலிருந்து வேட்டிக்கு ஒன்றரை மீற்றர், வேட்டியிலிருந்து முகத்துக்கு இரண்டு. மொத்தம் அதே மூன்றரை. ஆனால் துணி ஒளியை விழுங்கும், சிதறவும் செய்யும். ஆதலால் துளையை இரண்டு படி திறந்து 4இல் வைத்தேன். நொடியில் அறுபதிலொரு பங்கு நேரம், வாசல் ஒளியும் படத்திற் சேர்வதற்காக. இவையெல்லாம் முதற் கணக்குத்தான். ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பாட்டி பவுடர் டப்பாவை எடுத்தார்.

“பாட்டி, இன்னைக்குப் பவுடர் வேணாமே. மொகத்தக் கழுவிட்டு அப்பிடியே வாங்க.”

“பவுடர் போடாம யாராச்சும் படம் புடிப்பாங்களா மாஸ்டர்?”

வாதம் சிறிது நேரம் நீடித்தது. திருநீறு மட்டும் என்று உடன்பாடாயிற்று. கழுவிய முகத்தில் எண்ணெய்ப் பசையின் மினுக்கம் இலேசாக இருந்தது. எனக்கு வேண்டியதும் அதுவே.

பாட்டி கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் விறைப்பாக ஊன்றிக்கொண்டார். படத்துக்குப் புதியவர்களின் சங்கடமெல்லாம் கையிலேதான் தெரியும். பேரனிடம் சொல்லி அன்று வந்த பயற்றங்காயை அவர் மடியில் வைக்கச் செய்தேன். காயை உடைக்கத் தொடங்கியதும் தோள்கள் தாழ்ந்தன. கதையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முதலிரு தடவை வேட்டியிற் பட்ட மின்னலுக்குத் திடுக்கிட்டார். மூன்றாவதுக்குப் பின் அதைப் பொருட்படுத்தவில்லை. கணவர் ஒரு தீபாவளிக்குக் கண்டிக்குப் போய்ச் சேலைக்குப் பதிலாகக் குடை வாங்கி வந்த கதையைச் சொல்லிவிட்டு, காய் உடைப்பதை நிறுத்தி, வாசலுக்கு வெளியே பார்த்தார். அப்போது எடுத்தது பத்தோ பதினொன்றோ, எண்ணவில்லை.

கண்டியில் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். வாசற்பக்கத்துக் கன்னமும் மூக்கின் தண்டும் ஒளியில் இருந்தன; மற்றக் கன்னம் நிழலுக்குள் மெல்ல இறங்கியது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. பாட்டி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் இம்முறை “நல்லாருக்கு” என்று சொல்லவில்லை. “எங்க அம்மா மாதிரி இருக்கேன்” என்றார். பிறகு, “இதே மாதிரி அவருக்கு ஒண்ணு செய்ய முடியாதா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். முடியாது என்றேன். பதியாத நிழலைப் பின்னர் எந்தக் கணினியும் உள்ளபடி கொண்டுவர முடியாது.

படத்தின் பின்புறத்தில் தம் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். தகப்பனார் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்து, ஆண்டையும் இட்டேன். பேரன் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தான். பாட்டி அதட்டினார்.

“அவசரப்படாத. செவுத்துல ஏறுறதுக்கு எனக்கு இன்னும் நாள் கெடக்கு.”

சேலையொன்றில் படத்தைச் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார்.